தாத்தா பேனாவைப் புதுசாக்காதீங்க

நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து, தூங்கப் போறதுக்கு முன்னாடி இதை எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். சுகர், பிரஷர், டெங்கு எதுவும் இல்லை இன்னிக்கு. பேனா.

எங்க வார்டு சிஸ்டர் ஒருத்தங்க நேத்து ராத்திரி ஒரு வீடியோ காட்டினாங்க. அழுக்கேறின பழைய இங்க் பேனா ஒண்ணை ஒருத்தர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். மெஷின்ல பாலிஷ் போடறார். கடைசியில கண்ணாடி மாதிரி மின்னுது. பல லட்சம் பேர் பார்த்திருக்காங்க.

"எங்க அப்பா பேனா ஒண்ணு பீரோவுல கிடக்கு சார். இந்த லீவுல இதே மாதிரி பண்ணப் போறேன்"னாங்க.

"ஒரு நாள் பொறுங்க சிஸ்டர். எழுதித் தர்றேன், படிச்சுட்டு அப்புறம் கை வைங்க"ன்னு சொன்னேன்.

அவங்களுக்காக எழுதினதுதான் இது. ஆனா உங்க வீட்டு டிரங்குப் பெட்டியிலும் ஒரு பேனா இருக்கலாம் இல்லையா? அதனால உங்களுக்கும் சேர்த்து. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

முதல்ல நான் செஞ்ச தப்பைச் சொல்லிடறேன்.

எங்க தாத்தா ஆரம்பப் பள்ளி வாத்தியார். அவர் இறந்து பல வருஷம் கழிச்சு, வீடு வெள்ளையடிக்கும்போது பரண்ல இருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கினது. உள்ள ரெண்டு பேனா.

ஒண்ணு கறுப்பு பார்க்கர். வெள்ளி நிறத்துல மங்கலான மூடி. சிங்கப்பூர்ல இருந்த சின்னத் தாத்தா கொண்டுவந்து கொடுத்தது.

இன்னொண்ணு பேரே தெரியாத ஒரு நாட்டுப் பேனா. தடிமனா, கறுப்பா, கழுத்தைக் கழற்றி ஃபில்லரால மை ஊத்தற வகை. உடம்புல தாத்தா பேரும் இனிஷியலும் பொறிச்சிருந்தது. அந்தக் காலத்துல பேனாக் கடையிலேயே பேர் வெட்டிக் கொடுப்பாங்கன்னு அப்பா சொன்னார்.

பாட்டி உயிரோட இருந்தப்போ ஒரு கதை சொல்வாங்க. "சுதந்திரம் வந்த அன்னிக்கு பள்ளிக்கூடத்துல கொடி ஏத்திட்டு வந்து, உங்க தாத்தா சாப்பிடக்கூட இல்லை. பேனாவை எடுத்து டைரி எழுத உட்கார்ந்துட்டார்." அந்த டைரி கரையானுக்குப் போயிடுச்சு. பேனா மட்டும் மிச்சம்.

எந்தப் பேனா? நாங்க யாரும் யோசிக்கவே இல்லை. பார்க்கர்தான்னு முடிவு பண்ணிட்டோம். விலை உயர்ந்தது அதுதானே.

அதனால நான் என்ன செஞ்சேன்? பார்க்கரை பத்திரமா எடுத்து வெச்சுட்டு, "இதுல கை பழகிக்கலாம்"னு நாட்டுப் பேனாவை எடுத்தேன்.

டாக்டர் புத்தி. எதையும் கொதிக்க வெச்சா சுத்தமாயிடும்! ஒரு பாத்திரத்துல வெந்நீர் போட்டு, பேனாவைப் பிரிச்சு உள்ள போட்டேன். அரை மணி நேரம் கழிச்சு எடுத்தா, கறுப்புப் பேனா மாட்டுச்சாணி காய்ஞ்ச நிறத்துல இருந்தது.

பதறிப் போய் உப்புத்தாள் வாங்கிட்டு வந்து தேய்ச்சேன். பழுப்பு கொஞ்சம் போச்சு. கூடவே தாத்தா பேரும் போச்சு.

அப்போ அவ்வளவா வருத்தம் இல்லை. "நாட்டுப் பேனா தானே"ன்னு இருந்துட்டேன்.

வருத்தம் அடுத்த வாரம் வந்தது. அதுக்கு முன்னாடி, பேனாவை எப்படி அடையாளம் காணறதுன்னு சொல்லிடறேன். அப்போதான் உங்களுக்கும் அது புரியும்.

கண்டுபிடிக்காம கை வைக்காதீங்க

ஓ.பி.யில வயித்து வலின்னு ஒருத்தர் வந்தா உடனே கத்தியை எடுப்பேனா? எப்ப இருந்து வலி, எங்க வலி, முன்னாடி வந்திருக்கான்னு கேப்பேன். தொட்டுப் பார்ப்பேன். அப்புறம்தான் மருந்து. பேனாவுக்கும் அதேதான். மூணு கேள்வி கேளுங்க.

முதல் கேள்வி: உடம்பு எதால ஆனது?

கட்டை விரலால நல்லா சூடு பறக்கத் தேய்ச்சு மோந்து பாருங்க. கந்தகம் கலந்த ரப்பர் வாசனை வந்தா அது எபோனைட். ரப்பரோட கந்தகம் சேர்த்துக் காய்ச்சின கெட்டி ரப்பர். நம்ம நாட்டுல கடைசல் பிடிச்ச பழைய பேனாக்கள் பெரும்பாலும் இதுதான். ராஜமுந்திரி ரத்னம் பேனாக்கள்ல இருந்து நம்ம திருவள்ளூர்ல இன்னிக்கும் கையால கடையற ரங்கா பேனா வரைக்கும் எபோனைட்டுக்குப் பேர் போனவை. எபோனைட்டுக்கு வெந்நீரும் வெயிலும் ஆகாது. மேல்பரப்பு நிறம் மாறி பழுப்பாயிடும். நான் செஞ்சது இதைத்தான்.

கற்பூர வாசனை லேசா வந்தா செல்லுலாய்டு. கலர் கலரா, முத்துச்சிப்பி மாதிரி பளபளக்கிற பழைய பேனாக்கள் இந்த வகை. இதை நெருப்புப் பக்கம் கொண்டு போகவே கூடாது. பழைய சினிமா ஃபிலிம் குப்புனு பத்திக்கும்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அதே குடும்பம்தான்.

ஒரு வாசனையும் இல்லாம, கண்ணாடி மாதிரி வழவழன்னு இருந்தா அக்ரிலிக்கா இருக்கலாம். சாதாரண பிளாஸ்டிக்காவும் இருக்கலாம்.

ரெண்டாவது கேள்வி: மை எப்படி உள்ள போகுது?

கழுத்தைக் கழற்றி நேரா ஊத்தினா ஃபில்லர் பேனா. இருக்கறதுலயே எளிமையானது. உள்ள கெட்டுப்போக ஒண்ணுமே இல்லை.

பக்கவாட்டுல சின்ன நெம்புகோல் இருந்தா உள்ள ஒரு ரப்பர் பை இருக்கும். தயவுசெஞ்சு அந்த லீவரை இழுக்காதீங்க. ஐம்பது அறுபது வருஷத்துல அந்த ரப்பர் எலும்பு மாதிரி இறுகிப் போயிருக்கும். இழுத்தா லீவர் உடையும், இல்லைன்னா உள்ள இருக்கிற தகடு வளையும்.

வால் பக்கம் சின்னதா ஒரு மூடி திருகிக் கழன்று, உள்ள அழுத்தற குமிழ் இருந்தா, அது உள்ளுக்குள்ள ரப்பர் ஜவ்வு வெச்ச வகை. பார்க்கர் வேக்குமேட்டிக் மாதிரி. அந்த ஜவ்வு வயசானா கிழியும். மாத்தறதுக்குத் தனிக் கருவி வேணும். வீட்ல இடுக்கி போட்டு முறுக்கற வேலை இல்லை அது.

மூணாவது கேள்வி: உடம்புல என்ன எழுதியிருக்கு?

லென்ஸ் வெச்சு, வெளிச்சத்தைச் சாய்வா விழ வெச்சுப் பாருங்க. செல்போன் டார்ச் போதும். மூடியோட விளிம்பு, கழுத்துக்குப் பக்கத்து உடம்பு, நிப்பு, கிளிப்பு. நாங்க தோல்ல லேசான தடிப்பைப் பார்க்கணும்னா இப்படித்தான் பக்கவாட்டு வெளிச்சம் போடுவோம்.

நிறைய பேர் "பார்க்கர்"னு காட்டறது இங்கதான் "ஹீரோ"வா மாறும். சீனாவுல செஞ்ச ஹீரோ பேனா அச்சு அசல் பார்க்கர் 51 சாயல்ல இருக்கும். நிப்பு மூக்குக்குள்ள ஒளிஞ்சிருக்கும். மூடி விளிம்பைப் படிச்சா குட்டு வெளிப்படும். ஹீரோவா இருந்தா என்ன? அதுவும் ஒரு தலைமுறையே எழுதின பேனாதான். அதுக்கும் இதே மரியாதை கொடுங்க.

பார்க்கர் சொன்ன உண்மை

இப்ப எங்க கதைக்கு வர்றேன்.

பார்க்கர் 51 பத்தித் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சேன். 1888இல் தொடங்கின கம்பெனி. 1939இல் அதுக்கு 51ஆவது வருஷம். அப்போ உருவாகிட்டிருந்த புதுப் பேனாவுக்கு அந்த எண்ணையே பேரா வெச்சாங்க. அமெரிக்கக் கடைகளுக்கு முழுசா வந்தது 1941இல். 1945 மே மாசம் ஃபிரான்ஸ்ல ரைம்ஸ் நகரத்துல ஜெர்மனி சரணடைஞ்சப்போ, ஐசனோவர் ரெண்டு பேனாவை வெற்றிச் சின்னமா வி மாதிரி தூக்கிப் பிடிச்ச புகைப்படம் ஒண்ணு இருக்கு. அது இந்த வகைப் பேனாதான்.

டாக்டரா எனக்கு இன்னொரு விஷயம் ரொம்பப் பிடிச்சுது. சீக்கிரம் காயற ஒரு மையை பார்க்கர் கம்பெனி செஞ்சது. காரத்தன்மை அதிகம். பழைய வகைப் பேனாக்களை அரிச்சிடும். அதைத் தாங்கற உடம்பு வேணும்னுதான் லூசைட்ங்கற அக்ரிலிக்குக்குப் போனாங்க. அந்த லூசைட் வேற ஒண்ணுமில்லை, பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்.

இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கண்புரை ஆபரேஷன்ல உள்ள வைக்கிற லென்ஸ்!

1949இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில ஹெரால்டு ரிட்லிங்கற கண் டாக்டர் உலகத்துல முதல் முறையா கண்ணுக்குள்ள வெச்ச செயற்கை லென்ஸ் இதே பொருள்தான். உலகப் போர்ல விமானத்தோட அக்ரிலிக் கூரை சிதறி, அதோட சில்லு விமானிகள் கண்ணுல பாய்ஞ்சிருக்கு. கண்ணு அதை எதிர்க்காம ஏத்துக்கிட்டதை அவர் கவனிச்சார். அங்க இருந்து பிறந்த யோசனை. நம்ம மதுரையில அரோலேப் 1992இல் குறைஞ்ச விலை லென்ஸ் செய்ய ஆரம்பிச்சப்போ நம்ம ஊர் ஏழைகளுக்கும் அது எட்டினது.

தாத்தா சட்டைப் பையில இருந்த பேனாவும், பாட்டி கண்ணுக்குள்ள இருந்த லென்ஸும் ஒரே குடும்பம்!

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. ஆஸ்பத்திரிக்காரங்க கை தானா ஸ்பிரிட் பாட்டிலுக்குப் போகும். போகக்கூடாது. அக்ரிலிக்ல ஸ்பிரிட் பட்டா மயிரிழை விரிசல் விழலாம். செல்லுலாய்டு இளகிடும். சானிடைசரும் அதே ஸ்பிரிட்தான், மறந்துடாதீங்க.

சரி, வயசு. 51ல மை உறிஞ்சற முறை ரெண்டு. 1941ல இருந்து 1948 வரைக்கும் நான் மேல சொன்ன ஜவ்வு முறை. 1948ல இருந்து ஏரோமெட்ரிக்: உடம்பைக் கழற்றினா உள்ள ஒரு உலோக உறை, அதுல அழுத்தற பட்டை, அதுக்குள்ள ஒளி ஊடுருவற பை.

தாத்தா பேனாவைக் கழற்றினேன். உலோக உறை. அழுத்தற பட்டை.

மறுபடி பார்த்தேன். ஏரோமெட்ரிக்தான்.

உடம்புல லென்ஸ் வெச்சுத் தேடினா கழுத்துப் பக்கம் 9ங்கற இலக்கம், பக்கத்துல ஒரே ஒரு புள்ளி. அந்தக் காலத்து பார்க்கர் கணக்குப்படி இலக்கம் வருஷத்தோட கடைசி எண். புள்ளிகள் காலாண்டு. வருஷத் தொடக்கத்துல மூணு புள்ளி, காலாண்டுக்கு ஒண்ணா குறைஞ்சு கடைசியில புள்ளியே இருக்காது. ஒரு புள்ளின்னா மூணாவது காலாண்டு. 1949, ஜூலைக்கும் செப்டம்பருக்கும் நடுவுல பிறந்த பேனா.

புள்ளி தேய்ஞ்சிருக்கலாம், அதை விட்டுடுவோம். ஆனா மை உறிஞ்சற முறை பொய் சொல்லாது. 1948க்கு முன்னாடி அப்படி ஒரு பேனாவே விற்பனையில இல்லை.

அப்போ 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு தாத்தா டைரி எழுதின பேனா எது?

பெட்டியில இருந்தது ரெண்டே ரெண்டு பேனா.

நான் மேசை மேல பார்த்தேன். பேர் அழிஞ்சு, பழுப்பு நிறத்துல, திட்டுத் திட்டா தேய்ஞ்சு கிடந்தது அது.

அதுதான்னு என்னால நிரூபிக்க முடியாது. அதுக்கு முன்னாடி வேற பேனாவும் இருந்திருக்கலாம். ஆனா அதுதான் இல்லைன்னும் இனிமே யாராலும் சொல்ல முடியாது. அந்தப் பேர் பொறிச்ச எழுத்து, அதோட ஆழம், அந்த இடத்தோட தேய்மானம், இதை வெச்சு ஏதாவது சொல்லியிருக்க முடியும். சாட்சியை நானே உப்புத்தாள் போட்டு அழிச்சுட்டேன்.

அப்பாகிட்ட சொன்னேன். அவர் அந்தப் பேனாவை வாங்கி, பேர் இருந்த இடத்தைக் கட்டை விரலால தடவிப் பார்த்தார். "சரி விடு, நீ வேணும்னா செஞ்சே"ன்னார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

சுத்தம் வேற, புதுசாக்கறது வேற

அதனாலதான் மெனக்கெட்டு இதைச் சொல்றேன். பழைய பேனாவைச் சரி செய்யறது வேற, புதுசாக்கறது வேற. ரெண்டையும் அந்த வீடியோக்கள் ஒண்ணாக்கிடுது. எது நல்லாத் தெரியுமோ அதைத்தான் காட்டுவாங்க. முன்னாடி அழுக்கு, பின்னாடி மினுமினுப்பு. நடுவுல என்ன அழிஞ்சதுன்னு கேமராவுல தெரியாது.

"அப்போ அழுக்கோடவே வெச்சிருக்கணுமா டாக்டர்?"னு கேப்பீங்க.

இல்லை. காய்ஞ்ச மை உலோகத்தை அரிக்கும். ஈரம் இருந்தா பூஞ்சை பிடிக்கும். மூடி வெச்ச புண்ணு தானா ஆறாது. சுத்தம் பண்ணித்தான் ஆகணும். எழுத வைக்கத்தான் வேணும். எழுதாத பேனாவைக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பார்க்கிறதுலயும் எனக்கு உடன்பாடு இல்லை.

நான் வெச்சிருக்கிற விதி ஒண்ணே ஒண்ணு. தேயறதுக்காகவே இருக்கிற பாகத்தை மாத்தலாம். சாட்சி சொல்ற பாகத்தைத் தொடக்கூடாது.

ரப்பர் பை, ஜவ்வு, வளையம் இதெல்லாம் முதல் வகை. செஞ்சவங்களே இது கெடும், மாத்தணும்னு தெரிஞ்சு வெச்சது. தாராளமா மாத்துங்க.

பேர், எண், கம்பெனி எழுத்து, கடிச்ச தடம், நிப்போட தேய்மானம் இதெல்லாம் ரெண்டாவது வகை. ஒரு தடவை போனா திரும்பி வராது.

பழைய பேனா வாங்கி விக்கிற ஒருத்தர்கிட்ட ஒருமுறை இந்த பார்க்கரைக் காட்டினேன். மூடியில சின்னத் தாத்தா தன் அண்ணன் பேரை வெட்டிக் கொடுத்திருக்கார். "இந்தப் பேரை எடுத்துட்டா இன்னும் கூட விலை கிடைக்கும் சார், எடுத்துடட்டுமா?"ன்னார். அவர் கணக்குல அது சரிதான். யாரோ ஒருத்தர் பேர் இருக்கிற பேனாவை முன்பின் தெரியாதவங்க ஏன் வாங்கணும்? ஆனா எனக்கு அந்தப் பேர் யாரோ ஒருத்தரோடது இல்லையே. வீட்டுப் பேனாவுக்கு சந்தை விலையைக் கேட்டு வைத்தியம் பார்க்காதீங்க.

பார்க்கருக்கு நான் பார்த்த வைத்தியம்

இந்த முறை கொதிக்க வைக்கல.

உடம்பைக் கையால மட்டும் திருகிக் கழற்றினேன். இடுக்கி இல்லை. வரலைன்னா விட்டுடணும், அடுத்த நாள் மறுபடி பார்க்கணும். உள்ள இருக்கிற உலோக உறையை இழுக்கவே கூடாது.

ஒரு டம்ளர்ல குழாய்த் தண்ணி, வெந்நீர் இல்லை, சாதாரணத் தண்ணி. பாத்திரம் கழுவற சோப்பு ஒரே ஒரு சொட்டு. நிப்புப் பக்கம் மட்டும் முங்கற மாதிரி நிக்க வெச்சேன். கொஞ்ச நேரத்துல நீல நூல் மாதிரி மை கரைஞ்சு இறங்க ஆரம்பிச்சுது. எத்தனை வருஷத்து மையோ! தாத்தா கடைசியா ஊத்தின மை. பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில தண்ணி மாத்துங்க. எனக்கு ஆறு நாள் ஆச்சு. இந்த பார்க்கரோட மூக்குக்குள்ள மையைத் தேக்கி வைக்கிற நிறைய மடிப்புகள் கொண்ட ஒரு பாகம் இருக்கு. மீனோட செவுள் மாதிரி. சட்டைப் பையில இருக்கும்போது உடம்புச் சூட்டுல மை பொங்கினா அது உறிஞ்சி வெச்சுக்கும். அந்த மடிப்பு எல்லாத்துலயும் மை காய்ஞ்சிருக்கும். அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது.

அப்புறம் தண்ணிக்குள்ள நிப்பை வெச்சு அந்தப் பட்டையை அழுத்தி விட்டேன். குமிழி வந்தது. விட்டதும் பைக்குள்ள தண்ணி ஏறினது. அதாவது பை கிழியல, உள்குழாய் அடைக்கல. எழுபது வருஷத்துக்கு மேலான பை! ரப்பர் இல்லை அது, ஒரு வகை பிளாஸ்டிக். பார்க்கர்காரங்க அதை நீண்ட நாள் உழைக்கணும்னே செஞ்சிருக்காங்க. தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் அழுத்தி விடணும், அவ்வளவுதான்.

சீக்கிரம் உலரட்டும்னு லேப்ல இருக்கிற சென்ட்ரிஃபியூஜ் மேல ஒரு கண்ணு போச்சு. லேப் டெக்னீஷியன் அக்கா பார்த்த பார்வையில பேனாவை எடுத்து பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். டிஷ்யூ பேப்பர் மேல நிப்பைக் கீழ பார்த்து நிக்க வெச்சாலே ராத்திரியில உலர்ந்துடும்.

மூக்கைக் கழற்றலாமான்னு யோசிச்சேன். கழற்றல. அது அரக்கு வெச்சு ஒட்டியிருக்கும். நம்ம காட்டு மரங்கள்ல அரக்குப் பூச்சி சுரக்கிற அதே அரக்கு. உலகத்துக்கு அரக்கு கொடுக்கிற நாடுகள்ல நம்ம நாடு முக்கியமானது. மூக்கை இதமான வறண்ட சூட்டுல இளக்கிக் கழற்றுவாங்க. கை பழகினவங்க செய்யட்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் அக்ரிலிக் வளைஞ்சிடும். எம்.பி.பி.எஸ். படிச்ச நான் எதை மேல்சிகிச்சைக்கு அனுப்பணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறதும் என் வேலைதான்.

மூடிக்குப் பித்தளை பாலிஷ் போடலாம்னு அப்பா சொன்னார். வேண்டாம்னேன். அந்த மங்கல் அழுக்கு இல்லை, செய்யும்போதே அப்படிச் செஞ்சது. துருப்பிடிக்காத எஃகுல வேணும்னே பனி படர்ந்த மாதிரி கொடுத்த மெருகு. பாலிஷ் போட்டா அது போயிடும், பளபளன்னு ஒரு டம்ளர் மாதிரி ஆயிடும். ஈரத்துணியால துடைச்சதோட சரி.

நிப்பு சொன்ன கதை

பிறகு மை ஊத்தினேன். இங்க் பேனாவுக்குன்னே விக்கிற சாதா நீல மை. சித்திரம் வரையற இந்தியன் இங்க் ஊத்தவே கூடாது. அதுல அரக்கு இருக்கும், உள்ளுக்குள்ள கெட்டியாயிடும்.

எழுதிப் பார்த்தேன். கீறிச்சுது. காகிதத்தைப் பிராண்டற மாதிரி.

நம்ம பள்ளிக்கூடப் பழக்கம் ஞாபகம் இருக்கா? நிப்பு கீறினா உடனே பாதி பிளேடை நடுவுல விட்டு இழுப்போம். சிமெண்டுத் தரையில ரெண்டு தேய் தேய்ப்போம். கை துறுதுறுன்னுது. ஆனா பழைய அனுபவம் இருக்கே, வெச்சுட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு அப்பாகிட்ட கொடுத்தேன். அவர் வாங்கி, மூக்கை லேசா இடது பக்கம் சாய்ச்சு, ரொம்பப் படுக்க வெச்சுப் பிடிச்சு எழுதினார். வெண்ணெய்ல கத்தி போன மாதிரி வழுக்கிக்கிட்டுப் போச்சு.

"உங்களுக்கு எப்படிப்பா?"ன்னேன்.

"உங்க தாத்தா இப்படித்தான் பிடிப்பார். நான் அவர்கிட்டதானே எழுதப் படிச்சேன்"னார்.

நிப்பு நுனியில இருக்கிறது தங்கத்தைவிட ரொம்பக் கெட்டியான உலோக மணி. அது தேயறதுக்குப் பல வருஷம் ஆகும். தாத்தா எழுதின பல வருஷமும் அந்த நுனியில ஒரு சின்னச் சாய்வா தேய்ஞ்சு நிக்குது. அவர் கை பிடிச்ச கோணம் அது. நான் நேராப் பிடிச்சதால அந்தச் சாய்வோட விளிம்பு காகிதத்தைக் கீறினது. பேனாவுல கோளாறே இல்லை. பிடிச்ச கை வேற.

அதை நான் தேய்ச்சு "சரி" பண்ணியிருந்தா?

இப்ப நான் தாத்தா மாதிரி பிடிச்சு எழுதப் பழகிக்கிட்டிருக்கேன். முதல் வாரம் கை வலிச்சுது. இப்ப பரவாயில்லை.

இதுக்கெல்லாம் நேரம் இருக்கா?

கண்டிப்பா கேப்பீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். பத்து ரூபாய்க்குப் பேனா கிடைக்குது. நானே டூட்டியில பால்பாயின்ட்தான் வெச்சிருக்கேன். ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்ல கார்பன் வெச்சு எழுதும்போது இங்க் பேனா உதவாது. அழுத்தினா நிப்பு விரியும், அடியில பதியாது. கேஸ் ஷீட்ல தண்ணி பட்டா எழுத்து கலையும். அதனால எல்லாரும் இங்க் பேனாவுக்கு மாறுங்கன்னு நான் சொல்ல வரல.

நான் சொல்றது ஒண்ணுதான். உங்க வீட்ல ஏற்கெனவே ஒரு பேனா இருந்தா, அதைச் சரி பண்ண ஒரு டம்ளர் தண்ணியும் ஒரு வாரப் பொறுமையும் போதும். காசு செலவே இல்லை. கெட்டுப் போறது பெரும்பாலும் கவனக்குறைவால இல்லை. அதிகப்படி ஆர்வத்தால. நோயாளிகள் விஷயத்திலும் இதை நிறையப் பார்க்கிறேன். சும்மா விட்டிருந்தா ஆறியிருக்கும் புண்ணு மேல மஞ்சள், சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் எல்லாம் போட்டுக்கிட்டு வருவாங்க. எல்லாம் பாசத்துலதான்.

சிஸ்டர், உங்களுக்காகச் சுருக்கமா:

பேனாவை எடுத்ததும் முதல்ல நாலு பக்கமும் போட்டோ எடுங்க. எழுத்து, எண், கீறல் எல்லாம் தெரியற மாதிரி.

வீட்டுப் பெரியவங்ககிட்ட அதோட கதையைக் கேட்டு எழுதி வைங்க. கதையும் பேனாவும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஒத்துப் போகலைன்னாலும் கதையைத் தூக்கிப் போடாதீங்க. அது வேற பேனாவோட கதையா இருக்கலாம்.

எதால ஆனது, மை எப்படி ஏறுதுன்னு தெரியாம தண்ணியில முழுசா முக்காதீங்க.

வெந்நீர், ஸ்பிரிட், உப்புத்தாள், பிளேடு, இடுக்கி. அஞ்சையும் எடுத்து தூர வைங்க.

லீவர் வகை, ஜவ்வு வகைன்னா கை பழகின பேனா ரிப்பேர்க்காரர்கிட்ட கொடுங்க. கொடுக்கும்போதே "பாலிஷ் வேண்டாம், பேரைத் தொடாதீங்க, கழற்றின பழைய பாகத்தையும் திருப்பிக் கொடுங்க"ன்னு சொல்லிடுங்க. ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கற மாதிரிதான் இதுவும். என்ன செய்யப் போறாங்கன்னு கேக்கறது உங்க உரிமை.

எழுத ஆரம்பிச்சதும் கீறினா, உடனே நிப்பைக் குறை சொல்லாதீங்க. அப்பா எப்படிப் பிடிப்பார்னு அம்மாகிட்ட கேளுங்க.

என் மேசையில இப்ப ரெண்டு பேனாவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. பார்க்கர்ல தினமும் ஒரு பக்கம் எழுதறேன். அந்தப் பழுப்புப் பேனாவும் எழுதும், ஃபில்லரால ஊத்தினா போதும், அதுல கெடறதுக்கு ஒண்ணுமில்லை. வருஷத்துக்கு ஒரு நாள், ஆகஸ்ட் 15 அன்னிக்கு மட்டும் அதை எடுக்கலாம்னு அப்பா சொல்லியிருக்கார். மறுபடி பேர் வெட்டிடலாமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார்.

சரி, கண்ணு சொருகுது. தூங்கப் போறேன். உங்க வீட்டுப் பெட்டியில என்ன பேனா இருக்குன்னு போய்ப் பாருங்க. பார்க்க மட்டும் செய்யுங்க. இன்னிக்கு எதுவும் செய்யாதீங்க.